ஜிம்மியும் மாமனாரும் ஒரு நல்லி எலும்பும்!

'நாய் விற்ற காசு குரைக்காது' என்று ஒரு பழமொழி உண்டு. பி.காம். படித்தவன் என்ற முறையில் அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால், நாய்க்குச் செலவழித்த காசு குரைக்கும் சார்! போன மாதம் எங்கள் வீட்டில் 11,400 ரூபாய் ராத்திரி பகல் பார்க்காமல் குரைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில். வீட்டில் நான், என் சகதர்மிணி, நாலாவது படிக்கும் பெண், மாமனார், அப்புறம் ஜிம்மி. ஜிம்மிக்கு வயது ஆறு. தாயார் எங்கள் தெரு முனை டீக்கடை வாசலைச் சேர்ந்தவர். தகப்பனார் பக்கத்துத் தெரு பங்களாவில் இருந்த லாப்ரடார் என்று ஒரு வதந்தி. நிரூபிக்க முடியாத விஷயங்களில் நான் தலையிடுவதில்லை.

மாமனார் ராஜபாளையம் பக்கம். போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாமியார் காலமான பிறகு, ரெண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். பேசினால் பேப்பர் செய்தி, மழை, இல்லாவிட்டால் ஜிம்மி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. மாமா டைனிங் டேபிளில் உட்கார மாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விடுவார். ஜிம்மி அவருக்கு எதிரே, ஏதோ பந்தியில் இலை போட்ட மாதிரி பவ்யமாக உட்காரும். மாமா எலும்பை உறிஞ்சிவிட்டு அதன் பக்கம் தள்ளுவார். அது 'கடக் முடக்' என்று ஒரு கச்சேரியே நடத்தும். மாமியார் இருந்தவரை குழம்புச் சட்டியில் தேடித் தேடி நல்லி எலும்பை எடுத்து மாமா தட்டில் வைப்பார்களாம். இப்போது மாமா தேடி எடுத்து ஜிம்மி தட்டில் வைக்கிறார்.

நான் ஒரு மாடர்ன் ஆசாமி இல்லையா? "எலும்பெல்லாம் அந்தக் காலம் மாமா" என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். அடேயப்பா! மாட்டுக் காது, ஆட்டுக் கால், பன்றிக் காது, முடிச்சுப் போட்ட தோல், குளம்பு... கசாப்புக் கடையில் கிடைக்காததெல்லாம் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று காகிதம் சுற்றி இருந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரே வாசகம்: '100 சதவீதம் இயற்கை!'

"பல்லு சும்மா முத்து மாதிரி ஆயிடும் சார். நோ கெமிக்கல்" என்றார் கடைக்காரர். எருமைக் குளம்பு ரெண்டு வாங்கி வந்தேன். ஜிம்மி ஒரு வாரம் அதை விடவே இல்லை. நான் மாமாவை ஒரு பெருமைப் பார்வை பார்த்தேன்.

ஜல்லி லோடு

ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஸ்கூட்டரை நிறுத்தினால் கேட்டைப் பிய்த்துக்கொண்டு வருகிற ஜிம்மி, அன்றைக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, ரெண்டு தடவை வாந்தி என்றாள் மனைவி. பின்பக்கம் கூட்டிப் போனால், முதுகை வில்லாக வளைத்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. முனகுகிறது. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடுங்க மாப்ளே" என்றார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எக்ஸ்-ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் காட்டினார். எனக்கு எக்ஸ்-ரே படிக்கத் தெரியாது. ஆனால், வீடு கட்டுகிற இடத்தில் லாரி ஜல்லி கொட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று தெரியும். அப்படியே இருந்தது ஜிம்மியின் குடல்!

"எலும்பு போட்டீங்களா?"

நான் மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். எனக்குள் இருந்த மாடர்ன் ஆசாமி மீசையை முறுக்கினான்.

டாக்டரம்மா அடுத்து ஜிம்மியின் உதட்டைத் தூக்கி வாயைப் பார்த்தார். "ஐயையோ... மேல் கடைவாய்ப் பல் பிளந்திருக்கே! நல்லி எலும்பிலேயும் உடையலாம்தான். ஆனா இது ஏதோ ரொம்பக் கெட்டியான ஐட்டம். கொம்பு, குளம்பு ஏதாவது குடுத்தீங்களா?"

இப்போது மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

வயிற்றில் அவர் கைங்கரியம், வாயில் என் கைங்கரியம். நடுவில் மாட்டிக்கொண்டது வாயில்லாத ஜீவன். (வாய் இருந்தும், சொல்லத் தெரியவில்லை.)

மயக்க மருந்து கொடுத்து எனிமா. முதல் நாள் பாதிதான் வந்தது. கூரான துண்டு குடலைக் குத்திவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று ராத்திரி ஜிம்மியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாமா வெளி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "உங்க அத்தைக்கும் இப்படித்தான் மாப்ளே... வயிறு வலிக்குதுன்னா. வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி குடுத்தேன்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன்.

மறுநாள் மிச்ச ஜல்லியும் வந்தது. பத்து நாள் கழித்து, மறுபடி மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். மூன்று வேர் உள்ள பல் அது. பொங்கலுக்குக் கரும்பு பிடுங்குகிற மாதிரி இழுத்தால் வராது. ஈறைக் கீறி, பல்லைத் துண்டாக்கி, ஒவ்வொரு வேராக எடுத்துத் தையல் போட வேண்டும். ஆக மொத்தம் 11,400.

பணம் போனால் கணக்குப் பார்ப்பது என் படிப்பு. ஜிம்மி தேறி வருவதற்குள் கேட்டதும் படித்ததுமாக ஒரு ஆடிட்டே நடத்திவிட்டேன். அந்த ரிப்போர்ட் இதோ...

வெந்ததும் வேகாததும்

எலும்பு என்பது வெறும் சுண்ணாம்பு இல்லை. உள்ளே கொலாஜன் என்ற புரதமும் ஈரமும் சேர்ந்து அதற்கு ஒரு வளைவு கொடுக்கின்றன. வேகவைத்தால், பொரித்தால், சுட்டால் அந்த வளைவு போய்விடும். கடித்தால் நொறுங்கி ஊசி ஊசியாகச் சிதறும். அது தொண்டையில் குத்தலாம், குடலில் குத்தலாம். அல்லது ஜிம்மிக்கு ஆன மாதிரி பொடிப்பொடியாகச் சேர்ந்து சிமென்ட் போலக் கெட்டிப்படலாம். பிரியாணி எலும்பு, குழம்பு எலும்பு, சிக்கன் 65 எலும்பு - எல்லாம் இந்த ஜாதிதான்.

'அப்போ கடையில் பதப்படுத்தி விற்கிற எலும்பு?' என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2010 நவம்பரிலிருந்து 2017 செப்டம்பர் வரை அப்படிப்பட்ட எலும்புத் தீனி பற்றி அவர்களுக்கு வந்த புகார்கள் சுமார் 68. பாதிக்கப்பட்ட நாய்கள் சுமார் 90. அதில் 15 நாய்கள் செத்துப்போனதாகச் சொல்லப்பட்டது. அவ்வளவு பெரிய தேசத்தில் இது சின்ன எண்ணிக்கைதான். ஆனால், இது புகார் எழுதிப் போட்டவர்களின் கணக்கு மட்டும். நான் யாருக்காவது எழுதிப் போட்டேனா? இல்லையே!

பச்சை எலும்பு அவ்வளவு சுலபமாகச் சிதறாது. அதற்காக அது சாது என்று நினைக்க வேண்டாம். பல்லை உடைக்கும், தொண்டையில் சிக்கும். கிருமியும் இலவச இணைப்பாக வரும்.

எங்கள் பேட்டைச் சமாச்சாரம்

எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்ததே ஒரு குரோம் தோல் கம்பெனிதான். பல்லாவரம், பம்மல் பக்கம் 'தோல் ஷாப்பு' வாசனை தெரியாமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதனால் கடையில் முடிச்சுப் போட்டுத் தொங்குகிற வெள்ளைத் தோல் எலும்பைப் பார்த்ததும், இது நம்ம சொந்தக்காரராயிற்றே என்று தோன்றியது. நிஜம்தான்! மாட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடியும் கொழுப்பும் நீக்கி, ரெண்டாகப் பிளப்பார்கள். மேல் பக்கம் செருப்பாகவும் பையாகவும் போகும். உள் பக்கத்தைப் பதனிடாமல் கழுவி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, முறுக்கிக் காயவைத்தால், அதுதான் நாய்க்கு 'இயற்கை' மிட்டாய்!

இதில் ரெண்டு தொல்லை. ஒன்று, மென்று மென்று ஜவ்வு மாதிரி ஆன கடைசித் துண்டை நாய் அப்படியே விழுங்கும். அது தொண்டையை அடைக்கலாம். வயிற்றுக்குப் போனால் ஊறி உப்பிக் குடல் வாசலை மறிக்கலாம். ரெண்டாவது, பதப்படுத்தும் மருந்து. 2017 ஜூனில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பல பிராண்டுத் தோல் தீனிகளைத் திரும்பப் பெற்றது. உணவு யந்திரங்களைக் கழுவ அனுமதிக்கப்பட்ட ஒரு கிருமிநாசினியை, வெளிநாட்டில் இருந்த சில ஆலைகளில் தோலைத் தயாரிக்கும்போதே சேர்த்திருந்தார்கள். நாய்களுக்கு வாந்தியும் பேதியும் வந்ததாகப் புகார். 'இயற்கை' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறது. வழியில் எங்கெங்கே முழுகி எழுந்தது என்பதைச் சொல்வதில்லை.

அது என்ன குச்சி?

கடையில் முருங்கைக்காய் வற்றல் மாதிரி நீளமாக ஒரு குச்சி பார்த்தேன். வெளிநாட்டில் 'புல்லி ஸ்டிக்' என்று பெயர். "காளை மாட்டோடதுங்க" என்றார் கடைக்காரர். "காளையில எது?" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பசு மாட்டுக்கு இல்லாததுங்க" என்றார். வீட்டில் மனைவி அதே கேள்வியைக் கேட்டபோது நானும் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

நான் ஒருவன்தான் அசடு இல்லை. அமெரிக்கா, கனடா ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், கேள்வி கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது எந்த உறுப்பு என்றே தெரியவில்லையாம்! அதே ஆய்வில் 26 குச்சிகளைக் கிருமிக்காகச் சோதித்தார்கள். ஏழில் ஈ.கோலி இருந்தது. மருந்துக்கு எளிதில் மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி ஒன்றில் இருந்தது. சத்துக் கணக்கும் பார்த்தார்கள். ஒரு அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி. ஆறு அங்குலக் குச்சி ஒன்று, அஞ்சு கிலோ எடையுள்ள ஒரு சின்ன நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நொறுக்குத் தீனி என்று நினைத்துக்கொண்டு நாம் டிபனும் போட்டுவிடுகிறோம்.

கிருமி விஷயம் நாயோடு நிற்பதில்லை. 2019-ல் அமெரிக்காவில் பன்றிக் காதுத் தீனி மூலமாகச் சால்மோனெல்லா பரவி, 34 மாநிலங்களில் 154 பேருக்கு நோய் வந்தது. 154 நாய்கள் இல்லை ஐயா, 154 மனிதர்கள்! காயவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது நம் நம்பிக்கை. அது தூங்கத்தான் செய்கிறது. நாய் ஜம்மென்று இருக்கும். அதன் வாயைத் தொட்ட கையோடு முறுக்கு சாப்பிட்ட குழந்தைதான் படுத்துவிடும்.

இன்னொன்று, கழுத்துப் பகுதி. தொண்டைக் குழாயைக் காயவைத்து விற்கிறார்கள். அதில் மாட்டின் தைராய்டு சுரப்பி ஒட்டிக்கொண்டு வந்தால், தின்கிற நாயின் ரத்தத்தில் தைராய்டு ஏறிவிடும். 2008-லிருந்து 2013 வரை இறைச்சித் தீனியால் இப்படி ஆன 14 நாய்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். தீனியை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது என்பது ஆறுதல்.

கல்லோடு மல்லுக்கு நின்றால்...

மான் கொம்பு, குளம்பு, மாட்டுத் தொடை எலும்பு, இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிற சுர்ப்பி என்ற காய்ந்த யாக் பால்கட்டி - இவையெல்லாம் ஒரே ரகம். சிதறாது. ஆனால், பல் சிதறும். நாயின் தாடை அரிசி அரைக்கிற ஆட்டுக்கல் இல்லை. கத்தரிக்கோல். மேல் கடைவாயில் நாலாவது முன்கடைவாய்ப் பல்லும், கீழே முதல் கடைவாய்ப் பல்லும் கத்தரி போல வெட்டும். நடுவில் வைத்தது விட்டுக் கொடுக்காவிட்டால் பல்லின் வெளிப்பக்கம் பலகை மாதிரி பெயர்ந்து வரும். நரம்பு வெளியே தெரியும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது. ஒரு பக்கமாகவே மெல்லும். பல நாள் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும்போதுதான் நமக்கே தெரியும். ஜிம்மி பல நாளாக ஒரு பக்கம்தான் மென்றிருக்கிறது. தினமும் பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

(இடையில் ஒரு சட்ட சேதி: நம் நாட்டு மான்களின் கொம்பை விற்பதும் வாங்குவதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பல் உடைந்தது போதாதென்று கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம்!)

மாமா கேட்ட கேள்வி

ரிப்போர்ட்டை மாமாவிடம் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "எங்க ஊர்ல சிப்பிப்பாறை, கோம்பை நாயெல்லாம் எலும்பு தின்னுதானே மாப்ளே வளர்ந்துச்சு? காட்டுல ஓநாய்க்கு யாரு டாக்டரு?" என்றார்.

நியாயமான கேள்வி. முதலில் என் படிப்பிலிருந்து பதில் சொன்னேன். "மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் கடைத் திறப்பு விழாவுக்கு வந்து பேசறதில்லை மாமா. எலும்பு தின்னு நல்லா இருந்த நாய்தான் நம்ம ஞாபகத்துல இருக்கு. தொண்டையில குத்திச் செத்ததை, 'ஏதோ விஷம் வெச்சுட்டான்'னு சொல்லிக் குழி தோண்டியிருப்போம்."

அடுத்து, காட்டுக் கணக்கு. ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் 29 மண்டை ஓடுகளைப் பரிசோதித்து 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. சுத்தமான இயற்கைச் சாப்பாடு, பாக்கெட் தீனி கிடையாது. 83 சதவீதத்தில் பல் தேய்மானம். 48 சதவீதத்தில் உடைந்த பல். 41 சதவீதத்தில் ஈறு எலும்பு நோய். காட்டிலும் பல் உடைகிறது. அங்கே 11,400 ரூபாய் பில் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் நேர்மையான ஆடிட்டர் வரவுப் பக்கத்தையும் காட்ட வேண்டும். பிரேசிலில் 2016-ல் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்தார்கள். ரெண்டு மூன்று வாரத்திலேயே பல் காறை ரொம்பவே குறைந்துவிட்டது. மெல்லுவது நாய்க்குப் பொழுதுபோக்கு, மன நிம்மதி, நமக்குச் செருப்பு மிச்சம். எல்லாமே வாஸ்தவம். ஆக, மெல்லவே கூடாது என்பது என் கட்சி இல்லை. எதை மெல்லுகிறது, யார் பக்கத்தில் இருக்கிறார்கள், கடைசித் துண்டு எங்கே போகிறது - இதைக் கேட்காமல், 'இயற்கை' என்ற ஒரு வார்த்தையை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதையும், நான் தேடிச் சேர்த்ததையும் உங்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்:

* சமைத்த எலும்பு எந்த ரூபத்திலும் வேண்டாம். விருந்து முடிந்ததும் குப்பைக் கூடையை மூடி வையுங்கள்.

* எதைக் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லையா? பல்லுக்கு ஆகாது.

* முழுசாக விழுங்க முடியாத அளவாக இருக்கட்டும். சின்னதாகிவிட்டால் வேறு ஏதாவது கொடுத்து, அதை வாங்கிவிடுங்கள். பிடுங்கினால் அவசரமாக விழுங்கிவிடும்.

* நாய் மெல்லும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகள் முக்கியமாக.

* பல் சுத்தத்துக்கு நாய்க்கான பேஸ்ட்டும் பிரஷ்ஷும்தான் சிறந்தது. நம் பேஸ்ட் அதற்கு ஆகாது.

* வாந்தி, எச்சில் ஒழுகல், சாப்பிடாமை, முக்கல், ரத்தம் - எது தெரிந்தாலும் உடனே டாக்டர். உப்புத் தண்ணி ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது, வீட்டிலேயே எனிமா கொடுப்பது - ரெண்டும் ஆபத்து.

தயிர்சாதக் கச்சேரி

எல்லாம் சரி, ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா தட்டோடு பின்வாசலுக்குப் போகவில்லை. டைனிங் டேபிளில் எங்களோடு உட்கார்ந்தார். எலும்பைத் தொடவே இல்லை. ஜிம்மி பின்வாசல் படியில் போய் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. நாய்க்கு எலும்பை நிறுத்தியாகிவிட்டது, நல்ல காரியம். ஆனால், கூடவே இன்னொன்றையும் நிறுத்திவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழி கண்டுபிடித்தது என் பெண். நடுவில் குழிவான ஒரு ரப்பர் பொம்மை இருக்கிறது. நகம் வைத்தால் அமுங்குகிற ரகம். அதில் சாப்பாட்டை அடைத்துக் கொடுத்தால் நாய் அரைமணி நேரம் நக்கித் தின்னும். "தாத்தா, நீங்க இதுல தயிர்சாதம் அடைங்க" என்றாள்.

இப்போது சனிக்கிழமை ராத்திரிதோறும் எங்கள் சமையலறையில் மாமாவின் ராஜ்ஜியம். உப்பு, வெங்காயம் இல்லாமல் குழைந்த தயிர்சாதம். வேகவைத்த காரட், எலும்பில்லாத கறி நாலு துண்டு. பொறுமையாக விரலால் அடைத்து ஃப்ரீஸரில் வைக்கிறார். ஞாயிறு மத்தியானம் தட்டோடு பின்வாசல் படிக்குப் போகிறார். எதிரே ஜிம்மி. 'கடக் முடக்' இல்லை, 'சளக் சளக்'தான். கச்சேரியில் தவிலை எடுத்துவிட்டு மோர்சிங் வைத்த மாதிரி.

போன வாரம் தண்ணீர் கொண்டுபோனபோது பார்த்தேன். மாமா தன் தட்டில் இருந்த நல்லி எலும்பை எடுத்தார். ஜிம்மி வாலை ஆட்டியது. அவர் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "உனக்கில்லடா... டாக்டரம்மா திட்டுவாங்க" என்று சொல்லித் தானே உறிஞ்சினார்.

நல்லி எலும்பு மறுபடி மாமா தட்டுக்கே வந்துவிட்டது.

கணக்கு டாலி ஆகிவிட்டது சார்!